1792 ஸ்ரீரங்கப்பட்டணம்: ஒரு சமாதான உடன்படிக்கை தோற்ற நாட்டை என்ன செய்தது?

கேள்வி இதுதான்: "போர் முடிந்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகும் தோற்ற நாடு ஏன் மறுபடி எழுந்திருக்க முடிவதில்லை? நிலம் போவதாலா, அபராதத் தொகை பெரிது என்பதாலா?"

இதற்குப் பொதுவாகப் பதில் சொன்னால் ஒன்றும் விளங்காது. எல்லாரும் முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி மேல் சுமத்திய வெர்சாய் உடன்படிக்கைக்குத்தான் போவார்கள். நான் நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 1792 மார்ச்சில் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் முத்திரை வைத்துக் கொடுத்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திண்டுக்கல் பகுதிகள் மைசூரிடமிருந்து கும்பினியிடம், அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம், போனது இதன் வழியாகத்தான். அந்த ஊர்களில் நிலவரி வாங்கும் முறையே அதற்கப்புறம் மாறிப்போனது.

முதலில் ஒரு பின்னணி. மைசூருக்கும் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் நான்கு போர்கள் நடந்தன. முதல் போரில் திப்புவின் தந்தை ஹைதர் அலி சென்னையின் வாசலுக்கே வந்து நின்றார். 1769 ஏப்ரலில் சென்னையில் உடன்படிக்கை ஆனது. பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுப்பது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது என்று முடிவானது. இரண்டு வருடத்தில் மராட்டியர் மைசூர் மேல் பாய்ந்தபோது கும்பினி உதவிக்கு வரவில்லை. இரண்டாவது போர் 1784 மார்ச் 11 அன்று மங்களூரில் முடிந்தது. கும்பினியின் தூதர்கள் திப்புவைத் தேடி மங்களூர் வரை போய்க் கையெழுத்து வாங்கினார்கள். அதிலும் அவரவர் பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுத்தார்கள். அபராதமும் இல்லை, நிலப்பறிப்பும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரு தரப்பும் ஏறக்குறைய சமபலத்தில் இருந்தபோது நிபந்தனைகள் எவ்வளவு எளிமையாக இருந்தன!

மூன்றாவது போர் வேறு மாதிரி. 1789 டிசம்பர் கடைசியில் திப்பு திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை மதிலைத் தாக்கினார். திருவிதாங்கூர் கும்பினியின் நட்பு நாடு. தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் இந்த முறை தனியாக வரவில்லை. 1790இல் மராட்டியருடனும் ஹைதராபாத் நிஜாமுடனும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்தார். ஜெயித்தால் பங்கு என்பது அதிலேயே இருந்தது. மூன்று பேருக்குப் பங்கு தர வேண்டும் என்று போர் தொடங்கும் முன்பே எழுதிவிட்டால், முடிவில் தோற்றவனின் நாட்டை வெட்டாமல் இருக்க வழியே கிடையாது.

1791 மார்ச்சில் பெங்களூர் விழுந்தது. மே மாதம் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் வந்து அரக்கெரேயில் ஒரு சண்டையும் ஜெயித்தார். ஆனாலும் கோட்டையை முற்றுகையிட முடியவில்லை. தானியம் இல்லை, வண்டி மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, மழை வேறு பிடித்துக்கொண்டது. கோட்டையை உடைக்கக் கொண்டுவந்த பெரிய பீரங்கிகளைத் தாங்களே நாசம் செய்துவிட்டுத் திரும்பினார்கள். இந்தப் பின்வாங்கல் முக்கியம். அடுத்த வருடம் என்னென்ன நிலம் கேட்க வேண்டும் என்பதைக் கும்பினிக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான் என்பது என் கருத்து. சண்டையில் அல்ல, சோற்றில்தான் அவர்கள் தோற்றார்கள்.

1792 பிப்ரவரி 6ஆம் தேதி இரவு கூட்டுப்படை கோட்டைக்கு வெளியே இருந்த திப்புவின் பாசறையைத் தாக்கியது. கோட்டை இருந்த காவிரித் தீவுக்குள் நுழைந்து, அங்கிருந்த லால்பாக் தோட்டத்தில் தங்கி, அங்கிருந்த மரங்களையே வெட்டி முற்றுகைக்குப் பயன்படுத்தினார்கள். திப்பு பேச்சுவார்த்தைக்கு இறங்கினார். பிப்ரவரி 24 அன்று துப்பாக்கிச் சத்தம் நின்றது. முதல்நிலை நிபந்தனைகள் சுருக்கமானவை. போருக்கு முன்பு திப்புவுக்கு இருந்த நாட்டில் பாதி. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய். கைதிகள் எல்லாரும் விடுதலை. இவை நிறைவேறும் வரை திப்புவின் மூன்று மூத்த மகன்களில் இருவர் பிணை.

இதில் "பாதி நாடு" என்பதை எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். நிலத்தைச் சங்கிலி போட்டு அளக்கவில்லை. வருமானத்தைத்தான் அளந்தார்கள். திப்புவின் ஆண்டு வருவாய் சுமார் 2 கோடியே 37 லட்சம் ரூபாய் என்று கணக்காகி, அதில் பாதியை மூன்றாக வகுத்து, ஒவ்வொரு கூட்டாளிக்கும் சுமார் 39.5 லட்சம் வருமானம் தரும் ஊர்களாகப் பிரித்தார்கள். எந்தத் தாலுகாவுக்கு எத்தனை வராகன் (அன்றைய பொன் நாணயம்) வருமானம் என்று இரு தரப்பு வக்கீல்களும், அதாவது தூதர்களும், நாள்கணக்கில் வாதாடினார்கள்.

சரி, இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாதி போன பிறகு திப்புவுக்கு மிஞ்சியது வருடத்துக்கு சுமார் 1 கோடியே 18 லட்சம். கட்ட வேண்டியது 3 கோடியே 30 லட்சம். மிச்ச நாட்டின் முழு வருவாயையும், படைக்கு ஒரு காசு செலவழிக்காமல் அப்படியே கொடுத்தாலும் ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். கெடுவோ அப்படி இல்லை. பாதியை உடனே கட்ட வேண்டும். மீதியை மூன்று தவணைகளில், தவணைக்கு நான்கு மாதம் வீதம், ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். வருமானத்தை முதலில் பாதியாக்கிவிட்டு, பழைய முழு வருமானத்தைவிட அதிகமான தொகையை அதே ஆண்டில் கேட்பது. நீங்கள் கேட்ட "நிலமா, பணமா" என்பதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகத் தாங்கலாம். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதையும் குறுகிய கெடுவில் கேட்கும்போதுதான் முதுகு ஒடிகிறது. ஒப்பிட ஒன்று சொல்கிறேன்: 1871இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்று 500 கோடி பிராங்க் அபராதம் ஏற்றது. அல்சேசையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்தாலும், அதன் வருவாயின் பெரும்பகுதி கையிலேயே இருந்தது. அதனால் 1873லேயே கெடுவுக்கு முன்பாகக் கட்டித் தீர்த்துவிட்டது. மைசூருக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

பணத்தைக் கட்டியது யார் என்பதும் சொல்ல வேண்டியது. ஒரு பகுதி அரண்மனைக் கருவூலத்திலிருந்து வந்தது. ஒரு பகுதியைப் படையினரிடம் நஜராணா, அதாவது காணிக்கை, என்ற பெயரில் வாங்கினார்கள். மீதியை அதிகாரிகள் மேல் சுமத்த, அவர்கள் அதைக் குடியானவர்கள் மேல் இறக்கினார்கள். உடன்படிக்கையில் சுல்தான் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று கோடியின் பாரம் கடைசியில் போய் இறங்கியது ஏர் பிடித்தவன் தலையில்தான்.

பிணைப் பிள்ளைகளின் கதையை எத்தனை முறை படித்தாலும் மனம் கனக்கிறது. அப்துல் காலிக்குக்கு வயது சுமார் பத்து, முயிசுத்தீனுக்கு எட்டு. பிப்ரவரி 26 அன்று யானைகள் மேல் அலங்கரித்து ஏற்றி, பீரங்கி மரியாதையோடு ஆங்கிலேயர் பாசறைக்கு அனுப்பினார்கள். கூட வந்த வக்கீல் குலாம் அலி கான், இன்று காலை வரை இவர்கள் என் எசமானின் பிள்ளைகள், இனி உங்களைத்தான் தந்தையாகப் பார்க்க வேண்டும் என்ற பொருளில் காரன்வாலிஸிடம் சொல்லி ஒப்படைத்தார். காரன்வாலிஸ் ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார். இந்தக் காட்சியை ஐரோப்பிய ஓவியர்கள் பலர் வரைந்தார்கள். வெற்றி பெற்றவரின் கருணைக்கு அடையாளமாக இங்கிலாந்தில் அந்தப் படங்கள் புகழ் பெற்றன. ஆனால் நடந்தது அடமானம்தான். பிள்ளைகளைச் சென்னைக்குக் கொண்டுபோய், தவணை தீர்ந்து 1794 மார்ச்சில் தேவனஹள்ளியில் தகப்பனிடம் திருப்பிக் கொடுக்கும் வரை இரண்டு வருடம் ஓடிவிட்டது.

பிள்ளைகள் போன பிறகுதான் கும்பினி இன்னொரு சீட்டைக் காட்டியது. அதுதான் குடகு. முதல்நிலை நிபந்தனைப்படி, கூட்டாளிகளின் நாட்டை ஒட்டிய பகுதிகளை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். குடகு கும்பினியின் எந்தப் பகுதியை ஒட்டி இருக்கிறது? எதையும் இல்லை. அது திப்புவின் தலைநகருக்கு மேற்கே, மலபாரிலிருந்து ஏறி வரும் கணவாய்களைக் கையில் வைத்திருக்கும் மலைநாடு. பட்டியலில் குடகைப் பார்த்ததும் திப்பு கொதித்துப்போனார். இதற்குப் பதில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் சாவியையே கேட்டிருக்கலாமே என்று அவர் கேட்டதாகப் பதிவு இருக்கிறது. காரன்வாலிஸ் அசையவில்லை. முற்றுகை வேலைகளை மறுபடி தொடங்கச் சொன்னார். பிள்ளைகளைப் பெங்களூர்ப் பக்கம் நகர்த்தினார். பணத்தில் ஒரு பகுதி போயிற்று, பிள்ளைகளும் அவர்கள் கையில். மார்ச் 18 அன்று திப்பு முத்திரை வைத்தார்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். குடகு மக்கள் திப்புவின் ஆட்சியில் பட்டது கொஞ்சமல்ல. படையெடுப்பும், கூட்டம் கூட்டமாகச் சிறைபிடித்துக் கொண்டுபோனதும் அவர்கள் நினைவில் பச்சையாக இருந்தன. குடகு அரசர் வீரராஜேந்திரர் 1790லேயே கும்பினிக்கு உதவ ஒப்பந்தம் செய்தவர். அவரைத் திரும்பத் திப்புவிடம் விட்டுவிட்டு வந்திருந்தால் அது துரோகம். ஆக, கும்பினி தன் வாக்கைக் காப்பாற்றியது என்றும் இதைச் சொல்லலாம். அந்த வாக்கும் நீண்ட நாள் நிற்கவில்லை. 1834இல் அதே கும்பினி குடகு அரசை முடித்துக்கட்டித் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். கும்பினி எடுத்துக்கொண்டவை: பாராமகாலும் சேலத்துச் சீமையும், திண்டுக்கல், மலபார், குடகு. வருமானக் கணக்கில் இது மூன்றில் ஒரு பங்குதான். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் மைசூருக்கு ஏறிப்போகும் படிக்கட்டுகள் இவைதான். பாராமகால் என்பது கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம். ஆற்காட்டுச் சமவெளியிலிருந்து பெங்களூர் மேட்டுக்கு ஏறும் கணவாய்களுக்குக் கீழே இருக்கிறது. 1791 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. மலைமேல் இருந்த திப்புவின் ஆட்கள் அடித்து விரட்டிவிட்டார்கள். அந்தக் கோட்டை அடுத்த வருடம் ஒரு குண்டு செலவில்லாமல் காகிதத்தின் வழியாகக் கும்பினிக்குக் கிடைத்தது. கிழக்கே கிருஷ்ணகிரி, மேற்கே குடகு. இரண்டு பக்கக் கதவும் எதிரியின் கையில் போன பிறகு, நடுவில் இருக்கும் நாட்டுக்குப் பாதுகாப்பு என்று என்ன மிஞ்சும்?

திப்புவை ஏன் அப்போதே முழுவதும் முடிக்கவில்லை என்று கும்பினிக்காரர்களே கேட்டார்கள். இளம் அதிகாரி தாமஸ் மன்றோவுக்கு இந்த அரைகுறை முடிவு துளியும் பிடிக்கவில்லை. காரன்வாலிஸின் கணக்கு வேறு. மைசூர் முழுதாக அழிந்தால் மராட்டியரும் நிஜாமும் ஊதிப்போவார்கள். பாதி மைசூர் உயிரோடு இருந்தால் அவர்களுக்கு ஒரு கண் அதன்மேல் இருக்கும். தோற்றவனை உயிரோடு விட்டது அவனுக்காக அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக.

பாராமகாலை வாங்கியதும் கும்பினி அங்கே கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவரை நிர்வாகியாக வைத்தது. உதவிக்கு மன்றோ, மெக்லியோட், கிரஹாம். எல்லாரும் ராணுவக்காரர்கள். சிவில் அதிகாரிகளுக்குத் தமிழும் கன்னடமும் தெரியாது, இவர்களுக்குத் தெரியும் என்பது ஒரு காரணம். ஊர் ஊராகப் போய் வயல் வயலாக அளந்தார்கள். முதலில் ஐந்து வருடக் குத்தகை என்று நினைத்துத் தொடங்கிய ரீட், குடியானவனோடு நேரடியாக, வருடத்துக்கு வருடம் வரி பேசும் முறைக்கு வந்து சேர்ந்தார். பின்னால் ரயத்துவாரி என்று பெயர் பெற்று, மன்றோ சென்னை ஆளுநரான பிறகு மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது இதுதான். நடுவில் சில காலம் சேலம் சீமையை மிட்டாக்களாக (ஜமீன் போன்ற பிரிவுகளாக) ஏலம் போட்டார்கள், பல மிட்டாதாரர்கள் தொகை கட்ட முடியாமல் விழுந்தார்கள், அது தனிக் கதை. ரயத்துவாரியில் இடைத்தரகன் இல்லை, பட்டா குடியானவன் பெயரில் வந்தது என்பது நல்லதுதான். ஆனால் வரி கனமாக இருந்தது. மழை பொய்த்த வருடத்திலும் சர்க்கார் நேராக அவன் வாசலில் வந்து நின்றது. தங்கள் ஊர் எந்தக் கணக்கில் கை மாறியது என்று அந்த மக்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்த வராகன் கணக்கு ஒன்றுதான் கம்பைநல்லூர்க்காரனுக்கும் காவேரிப்பட்டணத்துக்காரனுக்கும் எசமானை மாற்றியது.

மலபாரில் இதைவிட மோசம். வட மலபாரில் இருந்த கோட்டயம் அரச குடும்பத்துப் பழசிராஜா திப்புவுக்கு எதிராகக் கும்பினியோடு நின்றவர். உடன்படிக்கைக்குப் பிறகு தன் நாடு தனக்குத் திரும்பும் என்று எதிர்பார்த்தார். கும்பினியோ கோட்டயத்தின் வரி வசூலை அவருடைய மாமனான குறும்பிரநாட்டு ராஜாவுக்குக் குத்தகை விட்டது. அப்புறம் வயநாட்டுக் காடுகளில் பல வருடப் போர். 1805 நவம்பர் 30 அன்று பழசிராஜா வீழ்ந்தார். திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சி கோபால நாயக்கர் போன்ற பாளையக்காரர்கள் கும்பினியின் வசூலுக்கு எதிராக எழுந்து 1801இல் தூக்கில் ஏற்றப்பட்டார்கள். இவர்கள் யாரும் 1792இல் மேசையில் உட்காரவில்லை.

1799க்கு வருவோம். திப்பு சும்மா இருக்கவில்லை. கோட்டையைப் பலப்படுத்தினார், பிரெஞ்சுக்காரர்களிடம் உதவி தேடினார். மொரிஷியஸ் தீவின் பிரெஞ்சு ஆளுநர் அதை 1798 ஜனவரியில் பகிரங்கமாக அறிவித்துத் தொலைத்தார். வந்து இறங்கிய ஆட்கள் நூறு பேர்கூட இல்லை. புதிதாக வந்த தலைமை ஆளுநர் வெல்லெஸ்லிக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது. படை எந்த வழியில் வந்தது என்று பாருங்கள். ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரில் கூடி, பாராமகால் வழியாக ராயக்கோட்டைக்கு வந்து எல்லையைக் கடந்தது. படைக்கான தானியத்தையும் மாடுகளையும் பாராமகாலில் திரட்டிக் கொடுத்தவர் அதே ரீட். பம்பாய்ப் படை கண்ணனூரிலிருந்து குடகு வழியாக ஏறி வந்தது. 1791இல் சோறில்லாமல் திரும்பிய இடத்துக்கு இந்த முறை இரண்டு பக்கமும் சொந்த நிலத்தில் நடந்தே வந்தார்கள். எல்லையைக் கடந்து இரண்டு மாதத்தில், மே 4 அன்று, கோட்டை விழுந்தது. திப்பு அங்கேயே சண்டையில் இறந்தார். 1792 உடன்படிக்கை அடுத்த போரைத் தடுக்கவில்லை, அதைச் சுலபமாக்கியது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

கூட்டாளிகள் கதி என்ன ஆனது என்பதையும் கேளுங்கள். நிஜாமுக்கு 1792லும் 1799லும் மைசூர் நிலம் நிறையக் கிடைத்தது. தனக்குக் காவல் நிற்கும் கும்பினிப் படைக்கான செலவுக்காக 1800 அக்டோபரில் அந்த நிலத்தையெல்லாம் கும்பினிக்கே எழுதிக் கொடுத்தார். பெல்லாரி, கடப்பைப் பகுதிகள் சென்னை மாகாணத்துக்கு வந்தது அப்படித்தான். மராட்டியப் பேஷ்வா 1802இல் பம்பாய்க்குப் பக்கத்து வசை (பசீன்) என்ற ஊரில் கும்பினியின் துணைப்படை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், 1818இல் பேஷ்வா பதவியே இல்லாமல் போனது.

மைசூரின் நடுப்பகுதி ஐந்து வயதுப் பிள்ளையான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்குக் கிடைத்தது. கோயம்புத்தூர், கனரா முதலியவற்றைக் கும்பினி எடுத்துக்கொண்டது. பழைய ராஜவம்சம் திரும்பி வந்தது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு, அது நியாயமான மகிழ்ச்சிதான். ஆனால் 1799 ஜூலையில் போட்ட துணைப்படை உடன்படிக்கையின்படி மைசூர் வருடத்துக்கு ஏழு லட்சம் நட்சத்திர வராகன் கட்ட வேண்டும். ரூபாயில் சுமார் 24.5 லட்சம். அதற்கு முடிவுத் தேதியே கிடையாது. திப்பு கட்டிய மூன்று கோடிக்காவது கடைசித் தவணை என்று ஒன்று இருந்தது. 1830இல் மைசூர் நாட்டின் 'நகர்' என்ற பகுதிக் குடியானவர்கள் வரிக்கொடுமைக்கு எதிராகக் கிளர்ந்தபோது, ஆட்சி சரியில்லை என்று சொல்லி 1831இல் நிர்வாகத்தையே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். உடையார் குடும்பத்துக்கு அது திரும்பியது 1881இல், சரியாக ஐம்பது வருடம் கழித்து. திருப்பிக் கொடுக்கும்போது ஆண்டுத் தொகையை 35 லட்சமாக உயர்த்தியும் எழுதிக்கொண்டார்கள்.

எட்டு வயதில் பிணையாகப் போன முயிசுத்தீனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். திப்பு இறந்த பிறகு குடும்பத்தையே வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 9 அன்று அங்கே திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். மறுநாள் விடியும் முன்பே இந்தியச் சிப்பாய்கள் கோட்டையைக் கைப்பற்றி, மைசூரின் புலிக் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றைக்கே அதை அடக்கிவிட்டது. சிப்பாய்களோடு தொடர்பு வைத்திருந்ததாகச் சந்தேகத்துக்கு ஆளான சுல்தான் பிள்ளைகளில் முயிசுத்தீனும் ஒருவர். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். குடும்பத்தை அங்கிருந்தும் பெயர்த்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.